வாடகைத் தாய்

கெட்டரிங்கில் விடிந்ததிலிருந்து தூறல்.
பதினேழாம் எண் வீட்டுக் கதவில்
கிறிஸ்துமஸ் முடிந்து ஆறு வாரமாகியும்
கழற்றாத மலர்வளையம்.
நகரசபை அட்டையைக் காட்டினேன்.
"எல்லாம் சட்டப்படிதான்" என்றான்
டெரில் ப்ராக்டர்.
நான் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

முன்னறையில் வெள்ளைக் கம்பளி.
மேலே ஐந்து குட்டிகள்,
ஆரஞ்சும் பழுப்புமாய்ச் சுருள் முடி,
ஒன்று இரண்டாயிரம் பவுண்டு.
நடுவில் தாய்.
"ஹனி" என்று கூப்பிட்டான்.
அது திரும்பவில்லை.

சட்டம் எனக்கு மனப்பாடம்.
எட்டு வாரம் ஆகாமல் விற்கக் கூடாது.
குட்டியைத் தாயோடு காட்ட வேண்டும்.
தாயோடு
என்ற சொல்லைச் சேர்த்தவர்கள்
நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும்.
அடுத்த வாரமே
தாய்க்கும் ஒரு நாள் வாடகை
நிர்ணயமாகும் என்று
அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இடது காதில் ஒரு கிழிசல்,
பேருந்துச் சீட்டைக் கிள்ளியது போல.
இந்தக் காதை எனக்குத் தெரியும்.
நவம்பரில், கார்பியில்,
வேறு முன்னறை, நீலக் கம்பளி,
கறுப்புக் குட்டிகள் நான்கு.
அங்கே இதன் பெயர் டெய்சி.

அதற்கு வேலை பழகிவிட்டது.
அழைப்புமணி கேட்டால்
தானே போய்ச் சுவரோரம் சரிகிறது,
வருபவர்களுக்கு வயிறு தெரிகிற மாதிரி.

தன் குட்டி இல்லையென்றால் உறுமும்,
எழுந்து விலகும் என்று
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
நானும் பேனாவைத் திறந்து காத்திருந்தேன்.
ஐந்தில் சோனிக் குட்டி,
மூக்கில் வெள்ளைப் பொட்டு உள்ளது,
முட்டி முட்டித் தேடிக்கொண்டு வந்தது.
உறுமல் இல்லை.
பின்னங்காலைத் தூக்கி இடம் விட்டது.
எப்போதோ வற்றிய காம்பைக் குட்டி சப்ப
குனிந்து
அதன் பின்புறத்தை நக்கித் துடைத்தது.
பார்த்தீர்களா என்பது போல
டெரில் என்னைப் பார்த்தான்.
பார்த்தேன்.
கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினால்
ஆமாம், என் பிள்ளைகள் என்றே சொல்லும்.

ஸ்கேனரைப் பிடரியில் வைத்தேன்.
பீப்.
பதினைந்து இலக்கங்கள்.
வயது பதினொன்று.
கருத்தடை செய்து நான்கு வருடம்.
உரிமையாளரின் தொலைபேசி
உபயோகத்தில் இல்லை.

"பெற்றது எங்கே?"
தோளைக் குலுக்கினான்.
"வேன்காரனுக்குத் தெரியும்."
எந்தத் தகரக் கொட்டகையிலோ
பால் கட்டிக் கல்லாகிக் கிடக்கிறது அது.
வருடத்துக்கு ஒரு ஈற்று என்று
அதற்கு யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.
என் படிவத்தில்
அதற்குக் கட்டமும் கிடையாது.

மறுபடி மணி.
அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண்,
கையில் விலைச்சீட்டுப் பிரிக்காத சிவப்புக் கயிறு.
முன்பணம் போன வாரமே கட்டியாயிற்றாம்.
கிழவி விறுவிறுவென்று
சுவரோரம் போய்ப் படுத்தது.
"இன்று விற்பனை இல்லை" என்றேன்.
அந்தப் பெண் என்னை முறைத்த முறைப்பு
இன்னும் கோட்டில் ஈரமாக ஒட்டியிருக்கிறது.

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள்
என் ஊர்ப் பக்கம்.
மேஜையில் பழுப்பு உறை
சத்தமில்லாமல்தான் இருந்தது.
வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி
எழுதியிருக்கிறேன்.
அங்கே குரைக்கலாம்.

தாய் உடனிருந்ததா?
இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
கீழே குறிப்பு என்ற இடத்தில்,
நக்கிக் கொடுத்தது
என்று எழுதினேன்.
மேலதிகாரி அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.

குட்டிகளுக்குக் கூண்டு வண்டி
மூன்று மணிக்கு வந்தது.
வந்தவர்கள் போய்விட்டார்கள் என்றானதும்
கிழவி எழுந்து
உடம்பை ஒருமுறை உதறிவிட்டு
பின்கதவருகே போய் நின்றது,
வழக்கமாகக் கூட்டிப்போகிறவன்
ஏன் இன்னும் வரவில்லை என்று.